தஹ்ரும் தவ்ஹீதும்: அறியாமைக் கால அரபு நம்பிக்கைகளும் இஸ்லாமியக் கோட்பாடும்



இம்ரவுல் கைஸ் என்னும் அரபுப் பெருங்கவிஞனைப் பற்றிப் பழைய அரபு நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றன. கின்தா குலத்து அரசனாகிய அவனுடைய தந்தையை அஸத் குலத்தார் கொன்றுவிட்டனர். பழிவாங்கப் புறப்பட்ட கவிஞன், தபாலா என்னும் இடத்தில் இருந்த துல்கலஸா என்னும் தெய்வத்தின் முன் நின்று, அக்கால வழக்கப்படி அம்புகளைக் குலுக்கிக் குறி கேட்டான். தடுக்கும் அம்பு வந்தது. மறுமுறை குலுக்கினான்; அதுவே வந்தது. மூன்றாம் முறையும் அதுவே. அம்புகளை முறித்துத் தெய்வத்தின் முகத்தில் எறிந்த கவிஞன், கொல்லப்பட்டது உன் தந்தையாக இருந்திருந்தால் நீ இவ்வாறு தடுத்திருக்க மாட்டாய் என்று வைதுவிட்டுப் போருக்குச் சென்றான்.

இந்நிகழ்ச்சி நடந்ததா, பின்னர்ப் புனையப்பட்டதா என்பது வேறு வினா. ஆயின் அறியாமைக் காலம் என்று தமிழில் வழங்கும் ஜாஹிலிய்யாக் காலத்து அரபு மனத்தை அறிய இதைவிடச் சிறந்த வாயில் இல்லை. அங்கே தெய்வங்கள் பல இருந்தன. ஆனால் அவை அரபியனை ஆளவில்லை. அவனை ஆண்டது குலம். குலத்தை ஆண்டது குருதிக் கடன். கல்லை வணங்கியவர்கள் கல்லை விட்டுக் கடவுளை வணங்கலாயினர் என்று மேடைகளில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. மறுபாதி கல்லில் இல்லை. மரணத்தைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறது.

'ஜாஹிலிய்யா' என்னும் சொல்லே ஆராயத்தக்கது. கல்வியின்மை மட்டும் அதன் பொருளன்று. பழைய அரபுக் கவிதைகளில் 'ஜஹ்ல்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக வருவது அறிவைக் குறிக்கும் 'இல்ம்' அன்று. பொறையையும் தன்னடக்கத்தையும் குறிக்கும் 'ஹில்ம்' என்பதே பல இடங்களில் வருகிறது என்பதைக் கோல்ட்சீகர் என்னும் ஹங்கேரிய அறிஞர் 1889இல் வெளிவரத் தொடங்கிய தம் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் ஜாஹிலிய்யா என்பது அறியாதவர் காலம் மட்டும் அன்று. அடங்காதவர் காலமும் ஆகும். இம்ரவுல் கைஸ் எறிந்த அம்பு இதற்குச் சான்று.

அக்காலத்தைப் பற்றிய செய்திகள் எங்கிருந்து கிடைக்கின்றன? திருக்குர்ஆனே முதற்சான்று. எட்டாம் நூற்றாண்டினரான இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாறும், ஏறத்தாழ 820இல் மறைந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ இயற்றிய சிலைகளைப் பற்றிய நூலும் அடுத்தவை. இவை இரண்டும் முஸ்லிம்கள் எழுதியவை. தாம் கைவிட்ட வழக்கத்தை ஒருவர் எழுதும்போது அதில் சற்று மிகை நுழைதல் இயல்பு. மூன்றாவது சான்று கவிதை. எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைன், ஜாஹிலிய்யாக் கவிதை எனப்படுவதில் பெரும்பகுதி பிற்காலத்துப் புனைவே என்று 1926இல் எழுதியபோது எழுந்த கொந்தளிப்பு சிறிதன்று. அந்நூல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தங்களுடன் மறு ஆண்டில் வேறு பெயரில் வெளிவந்தது. அவர் கூறியதில் மிகை உண்டு என்பதே பின்வந்தோர் பலரின் முடிவு. நான்காவது சான்று கல்வெட்டு. அதற்கு யாரிடத்தும் பகையும் இல்லை, உறவும் இல்லை. வடமேற்கு அரேபியாவின் ஹிஜ்ர் பகுதியில் நபத்தியர் பொறித்த கல்லறைச் சாசனங்களில் மனாத்தின் பெயரும் ஹுபலின் பெயரும் காணப்படுகின்றன. தெற்கே யமன் நாட்டிலோ நான்காம் நூற்றாண்டின் இறுதிக்காலம் முதல் பல தெய்வப் பெயர்கள் அருகி, ரஹ்மானன் என்னும் ஒரே இறைவனின் பெயர் கல்வெட்டுகளில் ஓங்குகிறது. யூதரும் கிறித்தவரும் வாழ்ந்த நிலம் அது. எனவே ஓரிறைக் கொள்கை அரேபியா முன்னர்க் கேட்டறியாத புதுமொழியன்று.

மக்கத்து மக்களும் அல்லாஹ்வை அறிந்தே இருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையார் பெயர் அப்துல்லாஹ். அல்லாஹ்வின் அடியான் என்பது அதன் பொருள். அவர் பிறந்தது இஸ்லாத்திற்கு முன். வானத்தையும் பூமியையும் படைத்தவன் யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றே அவர்கள் விடை கூறுவர் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. கப்பல் புயலில் சிக்கும்போது அவனை மட்டுமே அழைப்பர். கரை சேர்ந்ததும் மற்றவற்றை அவனுக்கு இணையாக்குவர் என்றும் அது குறிக்கிறது. பின் வழக்கு எதைப் பற்றியது? அவன் உயரத்தில் இருக்கிறான், நேரே அணுக இயலாது, நெருங்கச் செய்வதற்கு இடையில் சிலர் வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட கோட்பாடு. அரசனிடம் போக வாயிற்காவலன் தயவு வேண்டுமென்று எண்ணுகிற உலகியல் அறிவுதான் அது.

இடைநின்ற தெய்வங்களுள் மூன்று பெண் தெய்வங்கள் பெயர் பெற்றவை. தாயிஃபில் நாற்கோணப் பாறையாக இருந்தது லாத். ஸகீஃப் குலத்தார் அதற்கு உரியவர். நக்லா பள்ளத்தாக்கின் மரங்களில் உறைந்தது உஸ்ஸா. குறைஷியர் பெரிதும் போற்றியது இதனையே. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே கடலை அடுத்த குதைதில் இருந்தது மனாத். அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் இதனை வழிபட்டனர். மனாத் என்னும் பெயர் ஊழ், பங்கு, சாவு ஆகிய பொருள்களைத் தரும் வேர்ச்சொல்லோடு தொடர்புடையது என்பது நினைவில் இருத்தற்குரியது. கஅபாவினுள் செந்நிற மணிக்கல்லால் ஆன ஹுபல் நின்றது. அதன் வலக்கை உடைந்திருந்ததால் குறைஷியர் பொன்னால் கை செய்து பொருத்தினராம். அதன் முன் ஏழு குறியம்புகள் இருந்தன. திருமணம், பயணம், பிணத்தைப் புதைத்தல், பிறந்த குழந்தையின் குலத்தைப் பற்றிய ஐயம் எல்லாவற்றிற்கும் அவ்வம்புகளே தீர்ப்பு வழங்கின. வழிப்போக்கர் வழக்கம் இன்னும் எளியது. தங்கும் இடத்தில் நான்கு கற்களைப் பொறுக்கி, அழகானதைத் தெய்வமாக்கி, மற்ற மூன்றையும் அடுப்புக் கற்களாக வைத்துக்கொள்வர். புறப்படும்போது நான்கையும் விட்டுச் செல்வர் என்று இப்னுல் கல்பீ எழுதுகிறார். எள்ளல் கலந்த கூற்றாக இருக்கலாம். ஆயினும் அந்த வழிபாட்டின் எடை எவ்வளவு என்பதை அது காட்டிவிடுகிறது.

எடை முழுவதும் வேறோரிடத்தில் இருந்தது. அதுவே தஹ்ர், காலம். அரபியனைக் கொல்வது தெய்வமன்று, காலம். அவனது கூடாரத்தின் சாம்பலையும் காதலியின் சுவடுகளையும் அழிப்பது காலம். ஜாஹிலிய்யாக் கவிதையின் தொடக்கமே, கைவிடப்பட்ட கூடாரத் தடத்தின் முன் கவிஞன் நின்று அழுவதுதான். வாழ்வு இவ்வுலக வாழ்வு ஒன்றே, பிறக்கிறோம், இறக்கிறோம், எங்களை அழிப்பது காலமேயன்றி வேறில்லை என்ற அவர்களது கூற்றைத் திருக்குர்ஆன் எடுத்துக்கூறி மறுக்கிறது. ஒருவர் மக்கிய எலும்பைக் கொண்டுவந்து, பெருமானார் முன் கையால் நொறுக்கி ஊதிவிட்டு, இதற்கு உயிர் கொடுப்பவன் யார் என்று வினவினார் என விரிவுரையாளர் கூறுவர். குறைஷியருக்குச் சிலைகளை இகழ்ந்தது சினம் தந்தது உண்மை. மறுமை என்ற சொல்லோ நகைப்பையே தந்தது. நகைப்பு சினத்தைவிட ஆழமான மறுப்பு.

மறுமை இல்லாதவனுக்குச் சாவின்பின் என்ன இருந்தது? இரண்டு வழக்கங்கள் விடை சொல்லும். ஒன்று பலிய்யா. இறந்தவனின் ஒட்டகத்தை அவன் கல்லறையருகே கட்டி, தீனியும் நீரும் இன்றிச் சாகவிடுவர். எங்கோ ஒரு பயணம் உண்டு என்ற மங்கிய எண்ணம் அதில் இருந்திருக்கலாம். மற்றொன்று ஹாமா. கொலையுண்டவனின் தலையிலிருந்து ஆந்தை போன்ற பறவையொன்று வெளிப்பட்டு, கல்லறைமேல் இருந்துகொண்டு, கொலையாளியின் குருதியைக் குடிக்கும் வரை தாகம் தாகம் என்று கூவிக்கொண்டிருக்கும் என நம்பினர். இறந்தவன் நீதி பெறுவதற்கு இருந்த ஒரே மன்றம் அவனுடைய உறவினரின் வாள்தான். கொலையாளி கிடைக்காவிடின் அவன் குலத்தில் எவனும் போதும்; இறந்தவன் சிறந்தவனாயின் ஓர் உயிர் போதாது. பக்ர், தக்லிப் குலங்களிடையே ஓர் ஒட்டகத்தைக் கொண்டு தொடங்கிய பஸூஸ் போர் நாற்பது ஆண்டு நீண்டது என்பது மரபு.

இந்த அமைப்பில் ஒரு கொலைக்கு மட்டும் மன்றமே இல்லை. பெண்குழந்தையை உயிரோடு புதைக்கும் வழக்கம் எல்லாக் குலங்களிலும் இருந்ததன்று, ஆயினும் இருந்தது. வறுமை அச்சமும், பெண் பிறந்ததை இழிவாகக் கருதிய மானமும் காரணங்கள் எனத் திருமறையே சுட்டுகிறது. பெண் பிறந்த செய்தி கேட்டவன் முகம் கறுத்து, இழிவோடு வைத்துக்கொள்வதா, மண்ணில் புதைப்பதா என்று எண்ணிக்கொண்டு ஊராரின் கண்ணில் படாமல் ஒளிவதை அது தீட்டிக்காட்டுகிறது. இக்குழந்தைக்காகப் பழிவாங்க வேண்டியவன் யார்? தந்தை. கொன்றவன் யார்? அதே தந்தை. குருதிக் கடன் என்னும் சட்டம் இங்கே வாயடைத்து நிற்கிறது. அவள் தலையிலிருந்து எந்தப் பறவையும் எழவில்லை. எழுந்திருந்தால் அது யாரிடம் போய்க் கூவும்?

மறுமை நாளைப் பற்றிய திருக்குர்ஆனின் 81ஆம் அத்தியாயம், கதிரவன் சுருட்டப்படுவதையும் விண்மீன்கள் உதிர்வதையும் மலைகள் பெயர்வதையும் அடுக்கிக்கொண்டே வந்து, புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம், எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் என்னும் இடத்தை அடைகிறது. வினா கொன்றவனிடம் அன்று, குழந்தையிடம் கேட்கப்படுகிறது. கொன்றவன் முகம் பார்த்துப் பேசுவதற்கும் தகுதியற்றவனாய் ஒதுக்கப்பட்டான் என்று உரையாசிரியர் நயம் கண்டனர். ஓரிறைக் கோட்பாடும் மறுமைக் கோட்பாடும் இந்த இடத்தில் ஒன்றையொன்று பற்றுகின்றன. குலத்திற்கு வெளியே, தந்தைக்கு மேலே, விலைபேச இயலாத ஒரு நீதிபதி இல்லையெனில், அக்குழந்தைக்கு வழக்காட இடமே இல்லை. தவ்ஹீது என்பது கடவுளின் எண்ணிக்கையைப் பற்றிய கணக்கு மட்டும் என்று கருதுவோர் இவ்விடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றனர்.

ஹிஜ்ரீ 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல், அரஃபாத் பெருவெளியில் ஆற்றிய உரையில் பெருமானார் அறியாமைக் காலத்துக் குருதிப் பழிகள் அனைத்தையும் காலடியில் இட்டு அழித்தார்கள். முதலாவதாகத் தள்ளுபடி செய்தது தம் குடும்பத்துப் பழியையே. பெரிய தந்தையார் ஹாரிஸின் பேரன், பாலூட்டப்பட்டு வந்த குழந்தை, ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்டிருந்தது. அதற்குரிய பழி இனி இல்லை என்றார்கள். வட்டியிலும் முதலில் தள்ளியது சிறிய தந்தையார் அப்பாஸுக்கு வரவேண்டியதை. கொலைக்குத் தண்டனையே இல்லை என்பது இதன் பொருளன்று. தண்டனை கொன்றவனோடு நின்றது. இழப்பீடு பெறுதலும் மன்னித்தலும் அதனினும் உயர்ந்த வழிகளாக வைக்கப்பட்டன.

சகுனம், நாள் பார்த்தல் ஆகியவற்றிலும் இதே அறுவை நிகழ்ந்தது. பறவை வலம் பறந்தால் நன்மை, இடம் பறந்தால் தீமை என்ற கணக்கும், ஸஃபர் மாதம் பற்றிய அச்சமும், ஹாமாப் பறவையும் இல்லையென்று நபிமொழி ஒதுக்கியது. இவற்றுள் தலையாய சான்று ஒரு துயர நாளில் கிடைக்கிறது. பெருமானாரின் மகன் இப்ராஹீம் பால்குடி மாறாத பருவத்தில் மறைந்த அன்று கதிரவனை நிழல் பிடித்தது. வானியலார் கணக்கு இந்தக் கிரகணத்தை 632 ஜனவரி 27 என்று காட்டுகிறது. இப்ராஹீமின் சாவுக்காகவே வானம் இருண்டது என்று மதீனத்து மக்கள் பேசிக்கொண்டனர். ஒரு புதுச் சமயத்தின் தலைவருக்கு இதைவிட வாய்ப்பான அற்புதம் வேறு கிடைக்காது. மறுக்காமல் வாளா இருந்திருந்தாலே போதும். ஆனால் கதிரவனும் நிலவும் இறைவனின் சான்றுகளுள் இரண்டு, யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்று, மகனை இழந்த தந்தை அன்றே எழுந்து மக்களுக்குச் சொன்னார்கள்.

நாட்காட்டியும் இதில் அடங்கும். போர் விலக்கப்பட்ட திங்கள்கள் நான்கு. அவற்றுள் மூன்று அடுத்தடுத்து வருவதால் கொள்ளைப் போருக்கு இடையூறு என எண்ணிக் கினானா குலத்தார் மாதத்தைத் தள்ளி வைப்பர். 'நஸீஉ' என்னும் இவ்வழக்கம் அடியோடு நீக்கப்பட்டது. அதனால்தான் முஸ்லிம்களின் ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்து, ரமலான் கோடைக்கும் மாரிக்கும் மாறிமாறிச் செல்கிறது. ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு சுற்று முடிகிறது.

ஆயினும் இஸ்லாம் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கியது என்று கூறுவது பிழை. விருந்தோம்பல், அடைக்கலம் காத்தல், சொன்ன சொல் தவறாமை ஆகிய அரபுக் குணங்கள் போற்றப்பட்டன. மக்காவில் அநீதிக்கு ஆளான அயலாருக்குத் துணை நிற்பதென அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் செய்யப்பட்ட ஃபுளூல் உடன்படிக்கையில் இளமையில் பங்குகொண்டதைப் பெருமானார் பின்னாளிலும் மகிழ்வோடு நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாத்தில் அத்தகையதற்கு அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்றார்கள். ஹஜ்ஜும் நின்றது. ஆனால் ஆடையின்றிக் கஅபாவைச் சுற்றும் வழக்கமும், ஹும்ஸ் என்ற சிறப்புரிமை பாராட்டிக் குறைஷியர் அரஃபாத்துக்குச் செல்லாமல் நிற்கும் வழக்கமும் ஒழிந்தன. ஸஃபா, மர்வா குன்றுகளில் முன்பு இஸாஃப், நாயிலா சிலைகள் இருந்தமையால் அங்கே தொங்கோட்டம் ஓடப் புது முஸ்லிம்கள் கூசினர். கூச வேண்டாம் என்று திருமறை இசைவளித்தது. இடம் குற்றமுடையதன்று என்பதே இதன் கருத்து. கறுப்புக் கல்லை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், நீ தீங்கும் நன்மையும் செய்ய இயலாத கல் என்பதை அறிவேன், இறைத்தூதர் முத்தமிடக் காணாதிருந்தால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன் என அக்கல்லிடமே கூறினார்கள். கல் அதே கல். அதன் முன் நிற்பவர் மட்டும் மாறிவிட்டார்.

விட்டுக்கொடுக்கும் எல்லை எது என்பதைத் தாயிஃப் காட்டும். மக்கா வெற்றி 630இல் நிகழ்ந்தபின், ஸகீஃப் குலத்துத் தூதர் மதீனா வந்து பேரம் பேசினர். லாத்தை மூன்றாண்டு விட்டுவைக்கக் கேட்டனர், பின் ஓராண்டு, இறுதியில் ஒரு மாதமேனும் என்றனர். இசைவு கிடைக்கவில்லை. எங்கள் கையால் உடைக்க மாட்டோம் என்றது மட்டும் ஏற்கப்பட்டது. முகீரா கோடரியுடன் சென்றபோது ஸகீஃபுப் பெண்கள் தலைத்துணியின்றி வெளிவந்து அழுதனர் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அந்த அழுகையை அவர் மறைக்கவில்லை; வரலாற்றாசிரியருக்கு இது அழகு.

தமிழில் இவ்வரலாற்றைப் பெருங்காப்பியமாக்கிய உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் அரபு நாட்டுக்குத் தமிழ் மருதத்தின் வளத்தை ஏற்றிப் பாடினார். காப்பிய மரபுக்கு அது பொருந்தும். ஆயினும் தஹ்ரின் கொடுமை மணலிலும் வற்றிய கிணற்றிலும் பிறந்தது. நீர்வளம் மிக்க வயல்களிடையே அதன் கசப்பு புலப்படுவதில்லை.

இலக்கிய வட்டத்தார்க்கு ஒரு வினா எஞ்சும்: கவிதை என்னவாயிற்று? புகழ்மிக்க முஅல்லகாக் கவிஞருள் ஒருவரான லபீத், இஸ்லாத்தைத் தழுவியபின் பாடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்பர். உமர் (ரலி) ஆட்சிக்காலத்தில் அண்மையில் பாடிய கவிதைகளைக் கேட்டு ஆள் வந்தபோது, திருமறையின் அல்பகரா அத்தியாயத்தை எழுதிக்கொடுத்து, கவிதைக்கு ஈடாக இறைவன் தந்தது இது என்றாராம். ஆனால் எல்லாரும் லபீத் அல்லர். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் நபியவர்களின் பக்கம் நின்று பாடினார். கஅப் இப்னு ஸுஹைர் பாடிய பாட்டுக்குப் பெருமானாரின் போர்வையே பரிசாயிற்று.

குலப்பெருமை பேசும் பாட்டும் மறையவில்லை. உமய்யாக் காலத்துப் பெருங்கவிஞர் ஃபரஸ்தக், எதிரிக் கவிஞர் ஜரீரோடு வாழ்நாள் முழுதும் வசைப்போர் நடத்தியவர். நாவடக்கம் அவரிடத்தில் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அவருடைய பாட்டனார் ஸஅஸஆ, இஸ்லாத்திற்கு முன்பே, புதைக்கப்படவிருந்த பெண்குழந்தைகளைத் தந்தையரிடமிருந்து ஒட்டகங்களை விலையாகக் கொடுத்து மீட்டவர். வாள்வீச்சையும் கொள்ளையையும் சொல்லிப் பெருமை பேசிய அதே அரபு யாப்பில், அதே தமீம் குலத்துச் செருக்கோடு, புதைப்போரைத் தடுத்தவன் என் பாட்டன் என்று ஃபரஸ்தக் பெருமை பேசினார். அதற்கு ஈடாகச் சொல்ல எதிரிக் குலத்தார் தம் முன்னோரிடத்தில் ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று.